ஒரு பக்கம் பாட்டு வரவில்லை

மார்ச் 3, செவ்வாய்

பார்லரில் ஒரு அம்மாவுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன். நூலின் ஒரு முனை என் பல்லில் இருந்தது, எடுக்க முடியவில்லை. விட்டு விட்டு மூன்று தடவை அடித்தது. அக்கா மூன்று தடவை கூப்பிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும். இந்த வயதிலும் அப்படித்தான். பாதிப் புருவத்தோடு அந்த அம்மாவை உட்காரவைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினேன்.

ஒன்றுமில்லை. பதினாலாம் தேதி பூனைக்குப் பிறந்தநாள், அவ்வளவுதான்.

"வயர் இல்லாத இயர்பட்ஸ் கேக்குறாடி. பழைய இயர்போன்ல ஒரு பக்கம் பாட்டு வரலையாம். வயர் போயிடுச்சுங்கிறா. நான் இங்கேருந்து அனுப்பினா எப்ப வந்து சேருமோ. நீயே பார்த்து வாங்கிடு. நல்லதா வாங்கு."

நல்லதா வாங்கு. என்னிடம் போய் இதைச் சொல்கிறாள். ஒரு சீப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். தப்பாக வாங்கிவிடுவோமோ என்று பயந்து பயந்து கடைசியில் வெறுங்கையோடு வந்துவிடுவேன்.

பூனை அக்காவின் ஒரே பெண். நடந்தால் சத்தமே வராது, பின்னால் வந்து நின்று நம்மைத் தூக்கிவாரிப்போட வைப்பாள், அதனால் அந்தப் பெயர். அவள் அப்பா பிரிந்து போனபின் அக்காவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பெண்ணை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டே, "கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுத்துடு" என்றாள். அவள்தான் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. பகலில் பார்லர், மற்ற நேரமெல்லாம் பயப்படுவது.

மார்ச் 5, வியாழன்

பார்லர் நாற்காலியில் உட்காருகிற எல்லாரும் இயர்பட்ஸ் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கிறார்கள். முகமெல்லாம் பூச்சோடு கண்ணை மூடிக் கிடந்த வங்கி அம்மா, "என் கொழுந்தன் பையன் அதை மாட்டிக்கிட்டே தூங்கிட்டான், காலைல காது வீங்கிக் கிடந்துச்சு" என்றார். முடியை நேராக்க வந்த கல்லூரிப் பெண் அது வெடிக்கும் என்றாள். ஓனரம்மா எல்லாரையும் தாண்டிப் போனார்.

"வாங்கிக் கொடுக்காத. ரோட்டுல பின்னாடி வண்டி வந்தா கேக்காது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

நான் எதைக் கேட்டால் நடுங்குவேன் என்று ஓனரம்மாவுக்குத் தெரியும்.

மதியம் போனில் வாங்கியவர்களின் விமர்சனங்களைப் படித்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார். அதே பொருளுக்கு அடுத்தவர், தூக்கிக் குப்பையில் போட்டேன் என்கிறார். இவர்களில் யாருக்குக் காது சரியில்லை? எனக்கு வேண்டியது இவ்வளவுதான். காதிலிருந்து விழக்கூடாது. சத்தம் மட்டாக இருக்க வேண்டும். வண்டி வந்தால் கேட்க வேண்டும். வெடிக்கவும் கூடாது.

மார்ச் 7, சனி

வாங்கிவிட்டேன்.

கடைத் தம்பி பொறுமையான பையன். ஒவ்வொன்றாகப் பெட்டியைத் திறந்து காட்டினான். விலை கூடிய ஒன்றை என் காதில் மாட்டி, "இப்போ பாருங்கக்கா" என்று எதையோ அழுத்தினான். தெரு போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. கண்ணாடிக்கு வெளியே பஸ் போகிறது, சத்தமில்லை. அந்தப் பையனின் வாய் அசைகிறது, சத்தமில்லை. எனக்கு மூச்சு முட்டியது. பிடுங்கி மேஜைமேல் போட்டேன்.

"வெளிச்சத்தத்தைக் குறைக்கிறதுதான்கா இதோட ஸ்பெஷலே" என்றான் பாவம்.

"எனக்கு ஸ்பெஷல் வேணாம் தம்பி. சத்தம் வர்றது கொடு."

வெளியே நடப்பதும் காதில் விழுகிற மாதிரி ஒன்றைக் காட்டினான். அதை மாட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நின்று, போகிற வண்டியெல்லாம் கேட்கிறதா என்று சோதித்தேன். ஒரு ஆட்டோக்காரர் சவாரி என்று நினைத்து நிறுத்திவிட்டார். அடுத்தது நிறம். வெள்ளை அழுக்காகும். ரோஜா நிறத்தைப் பார்த்தால் பூனை என் மூஞ்சியில் எறிவாள். கரும்பச்சையா கறுப்பா என்று நான் நின்ற நேரத்தில் அந்தப் பையன் இன்னும் இரண்டு பேருக்கு வியாபாரம் முடித்துவிட்டான். கரும்பச்சை.

மார்ச் 10, செவ்வாய்

பெட்டி பார்லரில் துண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. காலையில் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

மார்ச் 14, சனி

பூனைக்குப் பதினாறு. கேக் வெட்டினோம், அக்கா வீடியோவில் பாடினாள், சுருதி சேராமல். பூனை பெட்டியைத் திறந்தாள். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் பிடித்திருந்தது, அது தெரிந்தது. இரண்டையும் மாட்டினாள். பாட்டு வைத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள்.

"நல்லா இருக்கு சித்தி" என்றாள்.

சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்த மாதிரி இருந்தது. நான் எதையும் இப்படித்தான் பார்ப்பேன், அது என் வியாதி.

பிறகு பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "சித்தி, லெஃப்ட்ல வரல. பரவால்ல, விடு."

பரவாயில்லையா? அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினேனே. இதில் எப்படிப் பரவாயில்லை?

மார்ச் 15, ஞாயிறு

பயந்தாங்கொள்ளிக்குக் கோபம் வந்தால் யாரும் எதிரில் நிற்கக்கூடாது. கடையில் இன்று நான் போட்ட சத்தத்தில், போன் கவர் பார்க்க வந்தவர்கள் பார்க்காமலே போய்விட்டார்கள்.

கடைத் தம்பி, "இருங்கக்கா, ஒரு நிமிஷம் நான் போட்டுப் பார்க்கறேன்" என்று அதைத் தன் காதுக்குக் கொண்டுபோனான். நான் விடவில்லை.

"அப்ப எங்க வீட்டுப் பொண்ணு பொய் சொல்றான்னு சொல்றியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலைக்கா."

"அப்ப மாத்திக் கொடு."

மாற்றிக் கொடுத்தான். வாய் திறக்காமல் புதுப் பெட்டியை எடுத்து நீட்டினான். வெற்றிதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மிதந்துகொண்டு வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

"இப்ப சரியா இருக்கா?"

"ம். சரியா இருக்கு சித்தி."

ஓனரம்மாவிடம் கடைக் கதையை நடித்தே காட்டினேன். என்னைப் பார்த்து ஊரே நடுங்குகிறது என்றார்.

மார்ச் 19, வியாழன்

பூனைக்குத் திமிர் கூடிவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவியை அலறவிடுகிறாள். சாப்பிடும்போது ஏதோ கேட்டேன், பதிலே இல்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "காது என்ன அடைச்சுக்கிச்சா?" என்று கத்திவிட்டேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. என்ன பார்வை அது?

பதினாறு வயது. இப்படித்தான் இருக்கும் என்று வங்கி அம்மா சொல்கிறார்.

மார்ச் 21, சனி

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பூனை முடி வெட்டிக்கொள்ள பார்லருக்கு வந்தாள். வெட்டி முடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் நான், டிரையர் என் வலது கையில், அவளுடைய வலது காதுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. எதிரே ஓனரம்மா புதுக் கொண்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறார். பூனையின் இடது காதோரம் குனிந்து, "கொண்டையைப் பாரு, குருவி வந்து முட்டை வைக்கும்" என்றேன். இதற்கெல்லாம் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். சிரிக்கவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தடவை சொன்னேன். கொஞ்சம் சத்தமாக. என் மூச்சு அவள் காதில் பட்டிருக்கும், அவ்வளவு கிட்டே. இல்லை. கண்ணாடியில் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "என்ன சித்தி?" என்றாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவள் தலைக்குப் பின்னால் என் வாயை மறைத்துக்கொண்டு, அதே இடது காதில், "உன் போன் கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு" என்றேன்.

பதினாறு வயதுப் பெண்ணிடம் இதைச் சொன்னால் நாற்காலியோடு எழுந்திருப்பாள். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரையரை நிறுத்தினேன். அவளைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். "உனக்கு இந்தக் காது கேக்குதா?" என்று இடது காதைத் தொட்டேன். அவள் ஈர முடியோடு என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் எழுந்தபோது காதுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தமாம். குளித்தபோது தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தாளாம். பிறகு இயர்போனில் ஒரு பக்கம் வரவில்லை, வயர்தான் போய்விட்டது என்று நினைத்தாளாம். அதனால்தான் வயர் இல்லாதது கேட்டாளாம். பிறந்தநாளன்று இடது பக்கத்து இயர்பட்டைக் கழற்றி வலது காதில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பாட்டு வந்திருக்கிறது.

"அன்னைக்கே தெரிஞ்சுதா? அப்புறம் ஏன்டி நான் போய் அந்தப் பையன்கிட்ட அவ்வளவு சண்டை போட்டேன்?"

"நீ மாத்திட்டு வந்தா சரியாயிடும்னு நினைச்சேன் சித்தி."

சரியாகிவிடும் என்று அவள் நினைத்தது இயர்பட்டை இல்லை, காதை. எனக்குப் புரிந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா வேலையை விட்டுட்டு வந்துடும். உன்னைத் திட்டும்."

மார்ச் 22, ஞாயிறு

டாக்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமையாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாலும் நாளைக்கு வாங்க என்கிறார்கள்.

போனில் தேடக்கூடாது என்று தெரியும். தேடினேன். மூடிவிட்டேன். மறுபடி தேடினேன்.

இடப்பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். கரண்டியைக் கீழே போட்டுப் பார்க்கிறேன். வலது காதால் கேட்டுவிட்டுத் திரும்புகிறாள், நான் ஒரு நொடி சந்தோஷப்படுகிறேன். பைத்தியக்காரி.

நான் வாங்கிக் கொடுத்ததாலா? அதற்கு முன்னாலேயே கேட்கவில்லை என்றாளே. பழைய இயர்போனாலா? அதையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்கு என்ன சொல்வேன்? கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடு என்றாளே.

மார்ச் 23, திங்கள்

காது டாக்டர் சின்ன வயது. முதலில் விளக்கு போட்டு உள்ளே பார்த்தார். அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்தேன். இத்தனை வருடத்தில் யாருடைய காதிலும் அழுக்கு இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. சுத்தமாக இருக்கிறது என்றார்.

இரண்டு காலுள்ள ஒரு கம்பியைத் தட்டி அவள் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" அவள் வலது பக்கம் கை காட்டினாள். டாக்டர் தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை.

பிறகு கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே அவளை உட்காரவைத்துப் பெரிய ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே டெஸ்ட் எடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் நான். வலது காதுக்கு அவள் விரல் டக்டக்கென்று அழுத்தியது. கெட்டிக்காரி. பிறகு அந்தப் பெண் இடது காதுக்கு மாற்றினாள். சத்தத்தைக் கூட்டும் ஒரு குமிழைத் திருப்பினாள். விரல் அசையவில்லை. இன்னும் திருப்பினாள். அசையவில்லை. பூனை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காத்திருக்கிறாள், கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருக்கிறது. அழுத்துடி. சும்மாவாவது அழுத்துடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் மனசுக்குள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தேன். குமிழ் கடைசிக்குப் போகிற சமயத்தில் ஒரு தடவை அழுத்தினாள்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நானே மாற்றிக்கொள்வேன். காதிலிருந்து மூளைக்குப் போகிற வழியில் பாதிப்பு. திடீரென்று இப்படி வரும். பெரும்பாலும் ஏனென்று தெரியாது. இது இயர்பட்ஸால் வந்தது இல்லை.

"அது இல்லாட்டி இன்னும் கொஞ்ச நாள் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றார்.

"சரியாயிடுமா டாக்டர்?"

"இதுக்கு முதல் ரெண்டு வாரம் ரொம்ப முக்கியம். கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம். பார்க்கலாம்."

அந்த இரண்டு வாரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கரும்பச்சையா கறுப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஸ்கேனும் எடுக்க வேண்டுமாம். நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. கட்டி என்ற வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். பூனையின் வலது காது நன்றாகக் கேட்கிறது. அவள் காதிலும் அது விழுந்தது.

அக்கா போன் செய்தாள். நல்லா இருக்கா, ஹோம்வொர்க் பண்றா என்றேன். எப்படி என் வாயில் அப்படி வந்தது?

மார்ச் 25, புதன்

ஸ்கேன். உலோகம் எதுவும் கூடாது என்று கழற்றச் சொன்னார்கள். தோடு, கிளிப், செயின், எல்லாவற்றையும் என் கையில் கொட்டிவிட்டு உள்ளே போனாள். சூடாக இருந்தன, அவள் உடம்புச் சூடு. கதவுக்கு வெளியே கூட அந்த இயந்திரத்தின் சத்தம் கேட்டது, சுத்தியலால் அடிக்கிற மாதிரி. அவளுக்கு அது பாதிதானே கேட்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகவே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும், "பசிக்குது சித்தி" என்றாள். ரிசல்ட் நாளைக்கு.

கட்டியா இருந்தா என்ன பண்றது? தலைக்குள்ள. தலைக்குள்ள ஆச்சே. நான் தினம் வாரிவிடற தலை.

மார்ச் 26, வியாழன்

கட்டி இல்லை.

கட்டி இல்லை. ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். துடைப்பதற்கு வந்த அம்மா தூக்கிவிட்டார்.

பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். தேதி வாரியாக எல்லாவற்றையும் சொன்னேன், கடைச் சண்டையைக்கூட விடவில்லை. நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் இருக்காது.

"எப்பலேருந்து கேக்கல அவளுக்கு?"

சொன்னேன்.

"உன்கூட ஒரே வீட்டுலதானே இருக்கா?"

ஆமாம் அக்கா, ஒரே வீட்டுலதான் இருக்கா, ஒரே சோறுதான் சாப்பிடறோம், அவ தலையை நான்தான் வாரி விடறேன், எனக்குத் தெரியல. தெரியலக்கா. சத்தியமா தெரியல. இதில் எதையும் நான் சொல்லவில்லை. அக்கா, "டிக்கெட் போடறேன்" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 30, திங்கள்

மாத்திரையால் பூனையின் முகம் உப்பிவிட்டது. எப்போதும் பசி, எப்போதும் எரிச்சல். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி, அவளாகத்தான் இருக்கிறாள் என்று.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா வந்துவிட்டாள். வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள், இடது காதை உள்ளங்கையால் பொத்திப் பொத்திப் பார்த்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. என்னைப் பார்க்கவே இல்லை. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள். வந்ததிலிருந்து என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

பெண்ணை இனி தன்னோடு கூட்டிப்போய்விடுவாள் என்று நினைக்கிறேன். கூட்டிப்போகட்டும். போகத்தான் வேண்டும். என்னிடம் யார் விடுவார்கள்?

பூனையின் அறையில் ஒரு சத்தமும் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மாத்திரை பெரிதாக வேலை செய்யவில்லை. செவிப்பறை வழியாக ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இதற்கு மேல் தன்னிடம் வேறு வைத்தியம் இல்லை என்றும் சொன்னார். ஊசியைப் பார்த்ததும் அக்காவுக்குத் தலை சுற்றியது, வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தைரியம் ஜாஸ்தி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உள்ளே நான்தான் நின்றேன். பூனை என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. போட்ட பிறகு அசையாமல் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். அவள் வலது காது தலையணையில், இடது காது மேலே. அதனால் நான் பேசுவது எதுவும் அவளுக்குக் கேட்காது. எல்லாவற்றையும் பேசினேன். எவ்வளவு பயந்தேன், இன்னும் எவ்வளவு பயப்படுகிறேன், அவள் போய்விட்டால் என்ன ஆவேன், எல்லாம். கண்ணைத் திறந்து, "உன் வாய் அசையுது சித்தி, ஒண்ணும் கேக்கல" என்று சிரித்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

இரண்டாவது ஊசி. மூன்றாவது அடுத்த வாரம்.

ஏப்ரல் 24, வெள்ளி

மறுபடி அந்தக் கண்ணாடி அறை. இந்தத் தடவை அக்காவும் நானும். விரல் முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம் அழுத்தியது. கனமான சத்தங்கள் திரும்பி வந்திருக்கின்றன என்றார் டாக்டர். கதவு தட்டுவது, லாரி போவது, அந்த மாதிரி. பேச்சு வராது. இடப்பக்கம் யாராவது பேசினால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்னவென்று புரியாது.

"இனிமே வருமா?"

"பெருசா எதிர்பார்க்க வேண்டாம்மா. வலது காது பிரமாதமா இருக்கு. அதைப் பத்திரமா வச்சுக்கட்டும்."

பூனை டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இயர்பட்ஸ் போடலாமா?" சத்தம் குறைவாக வைத்தால் போடலாம் என்றார். அவ்வளவுதான் அவளுக்கு. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அக்காவும் நானும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்கூட வான்னேன். மாட்டேங்கிறா. ஸ்கூல் இங்க, ஃப்ரெண்ட்ஸ் இங்கங்கிறா. நீ இங்கங்கிறா."

நான் ஒரு துண்டை உதறினேன். உதறிக்கொண்டே இருந்தேன்.

"நீயே முடிவு பண்ணுக்கா. நான் ஒழுங்கா பார்த்துக்கல."

அக்கா கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டுச் சொன்னாள். "நான் தினம் வீடியோல பேசறேன்டி அவகூட. எந்தக் காதை போன் பக்கம் திருப்பினான்னு நான் பார்த்தேனா? மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்கும் தெரியல."

இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அழுதோம். எதிர் மாடியில் ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அக்கா முடிவு எதுவும் சொல்லவில்லை. ஆனால் இறங்கும்போது, "அவளுக்கு ஷாம்பூ மாத்து, முடி கொட்டுது" என்றாள். என்னிடம் விட்டுப் போகிறாள் என்று அதில் புரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 29, புதன்

அக்கா கிளம்பிப் போய்விட்டாள். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன தடவை மாதிரி எதுவும் சொல்லவில்லை. "சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

மே 4, திங்கள்

பள்ளியில் கோடை வகுப்பு ஆரம்பித்துவிட்டது. பூனை கிளம்பும்போது பார்த்தேன், இரண்டு காதிலும் இயர்பட். போனில் ஏதோ மாற்றி வைத்திருக்கிறாளாம், பாட்டு முழுவதும் வலது பக்கமே வந்துவிடுமாம். யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்திருக்கிறாள்.

"அப்ப லெஃப்ட் எதுக்குடி?"

"ஒண்ணு மட்டும் போட்டா ஏன் ஏன்னு எல்லாரும் கேப்பாங்க சித்தி."

கேட்காத காதில் அதை நன்றாக அழுத்தி மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு போனாள். உடனே எனக்குப் பயம். ரோட்டைக் கடக்க வேண்டுமே. பெரிய ரோடு. இடப்பக்கமிருந்து சைக்கிள் வந்தால்? மின்சார வண்டி வந்தால், அதற்குத்தான் சத்தமே இல்லையே?

செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். கொஞ்சம் இடைவெளி விட்டு, கடைகளின் ஓரமாக, திருடி மாதிரி. பள்ளி வாசல் வரைக்கும்.

மே 8, வெள்ளி

தினம் போகிறேன். ஓனரம்மா, "ஏன்டி தினம் லேட்டு" என்கிறார். பல் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்தப் பல் என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

ரோடு வந்ததும் பூனை நிற்கிறாள். பாட்டை நிறுத்துகிறாள், அது எனக்குத் தெரிகிறது, கை போனுக்குப் போகிறது. பிறகு இடப்பக்கம் முழு உடம்பையும் திருப்பிப் பார்க்கிறாள், தலையை மட்டும் இல்லை. பார்த்துவிட்டு வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். அப்புறம்தான் கடக்கிறாள். மற்ற பிள்ளைகள் பேசிக்கொண்டே ஓடுகிறார்கள். இவள் ஒருத்திதான் நின்று பார்க்கிறாள். நான் இந்தப் பக்கம் மருந்துக்கடைத் தூணுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மே 14, வியாழன்

இன்றும் அப்படியே. ஒரு நாள்கூடத் தப்பவில்லை. நின்று, திரும்பி, பார்த்து, கடக்கிறாள். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான் கடக்கப் போகிறாள். இது எனக்கு எப்போது மண்டையில் ஏறும்?

மே 18, திங்கள்

போகவில்லை.

செருப்பைப் போட்டேன். கழற்றினேன். ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். அடுப்பைத் துடைத்தேன், ஏற்கெனவே துடைத்த அடுப்பை. இருந்தாலும் போகவில்லை.

பள்ளி மணி அடிக்கிற நேரத்துக்குப் போனில் பூனையின் செய்தி வந்தது.

"வந்துட்டேன். இன்னைக்கு ஏன் நீ பின்னாடி வரல சித்தி? உடம்பு சரியில்லையா?"